எண்பத்திரண்டாவது பந்து

பிள்ளைகளின் பேஸ்பால் ஆட்டம். முதல் பந்து, பேட் பிடிப்பவனுக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிக்கும் கேட்சரின் தலைக்கு மேலே பறந்து வந்து, நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் எதிரே கம்பி வலையில் அடித்தது. வலை அதிர்ந்த அதிர்ச்சியில் கையிலிருந்த பென்சில் கீழே விழுந்துவிட்டது. மவுண்டில், அதாவது பந்து போடும் மேட்டில், நின்ற பையன் ஒன்றும் நடக்காதது போலத் தொப்பியைச் சரிசெய்துகொண்டான். வயது பன்னிரண்டு, உயரமோ கிட்டத்தட்ட என் கணவர் அளவு. அது ஆட்டக் கணக்கில் சேராத பந்து. ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் முன்னால் கை பழக எட்டுப் பந்து வரை போட்டுக்கொள்ளலாம், அதில் அது ஒன்று. மற்ற ஏழும் நூல் பிடித்தாற்போல் கேட்சரின் கையுறைக்குள் போய் விழுந்தன.

அடுத்து பேட் பிடிக்கவேண்டியவன் என் மகன்.

அது கை தவறிய பந்து இல்லை, பழைய வித்தை என்று எங்கள் கோச் பிற்பாடு சொன்னார். 'பந்து எங்கே போகும் என்று இவனுக்கே தெரியாது போலிருக்கிறதே' என்று எதிரே நிற்பவன் நினைக்கவேண்டும், அவ்வளவுதான். அது பலித்தது. அன்றைக்கு என் மகன் மூன்று முறை பேட் பிடித்தான். மூன்று முறையும் பந்து வருவதற்கு முன்பே அவனுடைய இடது கால் மூன்றாம் பேஸ் பக்கம் (ரன் எடுக்க ஓடித் தொடவேண்டிய மூலைகள்தான் பேஸ்) விலகி ஓடியது. கிரிக்கெட்டில் லெக் பக்கம் ஒதுங்குவது என்போமே, அதேதான். அடிக்கக்கூடிய பந்தைத் தவறவிட்டால் ஸ்ட்ரைக், மூன்று ஸ்ட்ரைக் ஆனால் ஸ்ட்ரைக் அவுட். பேட்டைச் சுற்றாமலே அப்படி அவுட் ஆனால் ஸ்கோர் புத்தகத்தில் அதற்கான ஆங்கில 'கே' எழுத்தைத் திருப்பிப் போடவேண்டும். பெற்ற பிள்ளையின் பெயருக்கு நேரே திருப்பிப்போட்ட மூன்று எழுத்துகளை என் கையாலேயே எழுதினேன்.

2023 ஏப்ரல். மத்திய நியூஜெர்சியில் அந்த மாதம் ஸ்வெட்டரும் போர்வையும் இல்லாமல் மைதானத்தில் உட்கார முடியாது. நான் ஸ்கோர் எழுத வந்த கதை சிறியதுதான். லிட்டில் லீக் என்ற பிள்ளைகள் பேஸ்பால் அமைப்பில் சேர்க்கும்போதே பெற்றோர் ஏதாவது ஒரு வேலைக்குக் கை தூக்கவேண்டும். கோச் வேலைக்கு எனக்கு ஆட்டம் தெரியாது. தின்பண்டக் கடையில் நின்றால் ஆட்டமே கண்ணில் படாது. திருச்சியில் அண்ணன்மார் ஆடும்போது சுவரோரம் உட்கார்ந்து நோட்டில் கோடு போட்டு ரன் எழுதிய பழக்கம் இருந்ததால் புத்தகத்தை வாங்கிக்கொண்டேன். கூடவே ஒரு பொறுப்பும் வந்து ஒட்டிக்கொண்டது: பிட்சர்கள், அதாவது பந்து போடுகிறவர்கள், எத்தனை பந்து போடுகிறார்கள் என்று எண்ணுவது. பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒரு நாளைக்கு 85 பந்துக்கு மேல் போடக்கூடாது. 66 பந்தோ அதற்கு மேலோ போட்டுவிட்டால் நான்கு நாள் ஓய்வு. வளரும் தோள் கெட்டுவிடாமல் இருக்க வைத்த விதி.

இந்த வேலைக்காரிக்கு இடம் பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால், வலையோரம். ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்காரும் மற்ற பெற்றோருக்குக் கேட்காததெல்லாம் அங்கே கேட்கும். நான் சொல்லப்போவது பெரும்பாலும் அந்த நாற்காலியிலிருந்து கேட்டதுதான்.

முதல் இரண்டு வாரம் எது ஆட்டம், எது வம்பு என்றே எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. டக்அவுட் என்கிற கம்பி வலைக் கொட்டகைக்குள் பிள்ளைகள் சும்மா இருப்பதே இல்லை. சூரியகாந்தி விதையை மென்று துப்பிக்கொண்டே பாடுவார்கள், தாளம் போடுவார்கள், தங்கள் ஆளின் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள். அது அழகு. ஆனால் எங்கள் பிட்சர் கையை உயர்த்தும் அதே நொடியில் எதிரணி மொத்தமாக 'ஓ...' என்று ஊளையிட்டு, பந்து கையை விட்டதும் கப்பென்று நிறுத்தினால்? ஹெல்மெட்டால் வலையைத் தட்டினால்? இரண்டு பந்து வெளியே போனதும் ஒரு அப்பா தன் நாற்காலியிலிருந்து, "இவனுக்கு வராது, சும்மா நில்லு, வாக் கிடைக்கும்" என்று தன் மகனுக்குச் சொல்வதுபோல மவுண்டுக்குக் கேட்கச் சொன்னால்? நான்கு பந்து தப்பாகப் போனால் பேட்டர் நடந்தே முதல் பேஸுக்குப் போய்விடலாம், அதுதான் வாக். பதினொரு வயதுப் பிட்சருக்கு அதைவிடக் கேவலம் கிடையாது. அவன் கண் கலங்கியதை நான் வலைக்குப் பின்னாலிருந்து பார்த்தேன்.

வீட்டில் இவரிடம் சொன்னபோது சிரித்தார். இவர் மதுரைக்காரர், டென்னிஸ் பந்துக் கிரிக்கெட்டில் ஊறியவர். "ஸ்லெட்ஜிங் இல்லாம என்ன ஆட்டம்? நாங்க ஆடினப்ப ஸ்லிப்புல நிக்கிறவன் பேட்ஸ்மேனோட பத்தாங்கிளாஸ் மார்க்கைச் சொல்லிக் காட்டுவான். அதையெல்லாம் தாங்கித்தான் வளர்ந்தோம்." தாங்காதவர்கள் ஆட வருவதை நிறுத்தியிருப்பார்கள், அவர்கள் கதையைச் சொல்ல இப்போது யாரும் இல்லை என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை.

அதற்குப் பதிலாக விதிப்புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். எல்லாப் பெற்றோருக்கும் நான் சொல்லும் முதல் யோசனை இது: கோபப்படுவதற்கு முன் விதியைப் படியுங்கள். லிட்டில் லீக்கின் 4.06ஆம் விதி எனக்குப் பெரிய வியப்பு. எதிரணி ஆட்டக்காரரையோ அம்பயரையோ பார்வையாளரையோ குறித்து எந்த வகையிலும் இழிவாகப் பேசக்கூடாது. பார்வையாளர்களைத் தூண்டிவிடக்கூடாது. பிட்சரைத் தவறு செய்யவைக்கும் நோக்கத்தோடு எந்தச் சேட்டையும் கூடாது. பேட்டரின் கண் பார்க்கும் கோட்டில் கெட்ட எண்ணத்தோடு போய் நிற்கக்கூடாது. என்ன பந்து போடுவது என்று பிட்சருக்குக் கேட்சர் காட்டும் சைகையைத் திருடிப் பேட்டருக்குச் சொல்வதையும் வேறோர் இடத்தில் தடுத்திருக்கிறார்கள். பெரியவர்கள் ஆட்டத்தில் இரண்டாம் பேஸில் நிற்பவன் கண்ணால் பார்த்துச் சைகையைப் பிடித்தால் அது கெட்டிக்காரத்தனம், பிள்ளைகள் ஆட்டத்தில் அதுவே ஒழுங்கீனம். பதினொரு வயதுக்கும் முப்பது வயதுக்கும் ஒரே நியாயம் இல்லை என்று எழுதியே வைத்திருக்கிறார்கள்.

மறுபக்கமும் அந்தப் புத்தகத்தில் இருந்தது. நான் 'அழுகுணி ஆட்டம்' என்று நினைத்த சில விஷயங்கள் முழுக்க நேர்மையானவை. பந்தைத் தட்டி வைத்துவிட்டு ஓடுவது, பேஸ் திருடுவது (பந்து அடிபடாமலே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது), பேட்டரின் உடம்பை ஒட்டி உள்ளே போடுவது எல்லாம் ஆட்டத்துக்குள்தான். இந்தச் சண்டை நமக்குப் புதிதும் இல்லை. 2019 மார்ச்சில் ஜெய்ப்பூரில் நம் அஸ்வின், பந்து போடுமுன்னே கிரீஸை விட்டு நகர்ந்த பட்லரை ரன் அவுட் ஆக்கியபோது, எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் நான்கு நாள் அடிதடி. 2022இல், கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்.சி.சி. அந்த விதியை 'முறையற்ற ஆட்டம்' என்ற பகுதியிலிருந்து எடுத்து, சாதாரண ரன் அவுட் பகுதியில் வைத்தது. விதி அனுமதிப்பதைச் செய்தவனைக் கெட்டவன் என்று சொல்லுமுன் நாக்கைக் கொஞ்சம் அடக்கவேண்டும். எதிரணி பேஸ் திருடியதற்காக நான் முகம் சுளித்தது தப்பு. அந்த ஊளை வேறு ரகம்.

இனி பயத்துக்கு வருகிறேன். இதில்தான் நாங்கள் அதிகம் கற்றோம்.

பயப்படாதே என்று சொல்வது வேலைக்காகாது, ஏனென்றால் பயப்பட நியாயமான காரணம் இருக்கிறது. பேஸ்பால் நம் கிரிக்கெட் பந்தைவிடச் சற்று எடை குறைவு, 145 கிராம் போல இருக்கும், கல் மாதிரி. லிட்டில் லீக்கில் பிட்சர் நிற்பது 46 அடியில். மணிக்கு 60 மைல் வேகத்தில் ஒரு பந்து வந்தால் பேட்டருக்குக் கிடைப்பது அரை நொடி. 1920 ஆகஸ்டில் கிளீவ்லாந்து அணியின் ரே சாப்மன் நியூயார்க்கில் தலையில் பந்து பட்டு மறுநாள் இறந்தார். பெரிய லீக்கில் அதற்குப் பிறகும் ஹெல்மெட் கட்டாயமாக 1971 வரை ஆனது. இன்று பிள்ளைகள் இரண்டு காதையும் மூடும் ஹெல்மெட் இல்லாமல் பேட் பிடிக்க முடியாது. ஆனால் மகனுக்கு விலாவில் ஒரு முறை பட்டிருந்தது. அந்த நீல வட்டத்தைத் தினமும் குளிக்கும்போது தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய கால் விலகி ஓடியது கோழைத்தனம் இல்லை, உடம்பு கணக்குத் தெரிந்து செய்த வேலை.

கோச் சொல்லிக்கொடுத்த வழி: எப்படி அடிப்பது என்பதற்கு முன்னால் எப்படி அடி வாங்குவது என்று பழக்குங்கள். வீட்டு முன்னால் கார் நிறுத்துமிடத்தில் இவர் டென்னிஸ் பந்தை வேண்டுமென்றே அவன் மேல் போடுவார். பந்து உடம்பை நோக்கி வந்தால் பின்னால் சாயக்கூடாது, சாய்ந்தால் முகமும் மார்பும் திறந்துவிடும். முன்தோளை உள்பக்கம் திருப்பி, தாடையைத் தோளுக்குள் புதைத்து, பேட்டைக் கீழே இறக்கி, முதுகைக் காட்டவேண்டும். சதை உள்ள இடத்தில் வாங்கினால் வலிக்கும், அவ்வளவுதான். முதல் நாள் விளையாட்டாகப் போனது. மூன்றாம் வாரத்தில் அப்பா எறிவதும் மகன் திரும்புவதும் பேச்சே இல்லாமல் நடந்தது. பிறகு அவன் குதிகாலுக்குப் பின்பக்கம் ஒரு கட்டையைத் தரையில் போட்டு, கால் அதைத் தாண்டாமல் அடிக்கப் பழக்கினோம். ஹெல்மெட்டுக்குத் தாடைக் காப்பு ஒன்றும் வாங்கி மாட்டினோம். அதைப் பார்த்து ஒருவன் கிண்டல் செய்தான். அடுத்த வாரம் அவனே மாட்டிக்கொண்டு வந்தான்.

சத்தத்துக்கு மருந்து வேறு. பேட்டர் நிற்கும் கோட்டுக் கட்டத்துக்குள் நுழையுமுன் பேட்டில் உள்ள முத்திரையைப் பார்த்து ஒரு மூச்சை நீளமாக விடுவது என்று வைத்துக்கொண்டான். அது சத்தத்தை நிறுத்தாது, ஆனால் அவனுக்கென்று செய்ய ஒரு வேலை கொடுக்கும். பதிலுக்குப் பேசாதே என்று சொல்வதைவிட, அந்த நேரத்தில் செய்ய ஒன்றைக் கொடுப்பது பிள்ளைகளிடம் எடுபடுகிறது.

ஆனால் ஒரு நாள் கேட்ட சொல்லுக்கு மூச்சுப்பயிற்சி போதவில்லை. எதிரணிக் கொட்டகையிலிருந்து ஒரு குரல், "போய் ஸ்பெல்லிங் பீ-ல நில்லுடா" என்ற பொருளில். ஸ்பெல்லிங் பீ என்பது நம் இந்திய வம்சாவளிப் பிள்ளைகள் பெயர் எடுத்த, எழுத்துக்கூட்டும் போட்டி. நாலைந்து பேர் சிரித்தார்கள். எங்கள் அணியில் அந்தச் சொல் பொருந்தக்கூடிய நிறத்தில் இருந்தவன் என் மகன் ஒருவன்தான். அவனுக்குக் கேட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குக் கேட்டது.

எழுந்து போய் அந்த அணியின் கோச்சைக் கேட்டுவிடலாம் என்று கால் துடித்தது. போகாமல் இருந்ததற்குக் காரணம் பெருந்தன்மை இல்லை. மடியில் ஸ்கோர் புத்தகம் இருந்தது. அந்த இன்னிங்ஸ் முடிந்ததும் எங்கள் மேனேஜரிடம் சொன்ன சொல்லை அப்படியே, கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அவர் அம்பயரிடம் போனார். முறை அதுதான்: பெற்றோர் தங்கள் மேனேஜரிடம், மேனேஜர் அம்பயரிடம், ஆட்டம் நிற்கும் இடைவெளியில். அம்பயர் அந்த அணியை எச்சரிக்கலாம், தொடர்ந்தால் பேசியவனை ஆட்டத்திலிருந்தே வெளியேற்றலாம். இரவே லீக் நிர்வாகிகளுக்கு எழுதினேன், மறுநாள் காலை படித்துப் பார்த்துப் பாதியை அழித்துவிட்டு அனுப்பினேன். எந்த இன்னிங்ஸ், எந்தப் பக்கம், என்ன சொல், யார் காதில் விழுந்தது. 'உங்கள் பிள்ளைகளின் வளர்ப்பு' என்று ஆரம்பித்த பத்தி அழிக்கப்பட்ட பாதியில் இருந்தது. சுருக்கமாக இருந்ததால்தானோ என்னவோ, பதில் வந்தது. அடுத்த முறை அந்தக் கொட்டகைப் பக்கம் ஒரு நிர்வாகி நின்றிருந்தார்.

அந்த அம்பயரைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்கள் மேனேஜர் கேட்டபோது, "எனக்குக் கேட்கவில்லை சார்" என்றான். 'என்றான்' என்று எழுதக் காரணம், அவன் உயர்நிலைப் பள்ளி மாணவன். பதினாறு வயது இருந்தால் அதிகம். கைச்செலவுக்காக வந்த பிள்ளை. ஒவ்வொரு ஸ்ட்ரைக்குக்கும் நாற்பது வயதுக்காரர்கள் அவனைப் பார்த்துக் கை விரிக்கிறார்கள். எங்கள் மாநிலத்திலேயே தெற்கே டெப்ட்ஃபோர்டு லிட்டில் லீக்கில் அந்த வருடம் ஒரு விதி போட்டார்கள்: அம்பயரைத் திட்டும் பெற்றோர், தாங்களே மூன்று ஆட்டங்களுக்கு அம்பயராக நின்ற பிறகுதான் மறுபடி பார்வையாளராக வரலாம். செய்தி நாடு முழுக்கப் பரவியது. எங்கள் கரையில் எல்லோரும் அதைப் படித்துச் சிரித்தோம், பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்து. கேட்கவில்லை என்ற அந்தப் பையன் அடுத்த இன்னிங்ஸிலிருந்து பந்து இடைவெளிகளில் அந்தக் கொட்டகை அருகே போய் நிற்க ஆரம்பித்தான். அவனால் முடிந்தது அது. சத்தம் பாதியாகக் குறைந்தது.

மே மாதம் ஆட்டம் எங்கள் பக்கம் திரும்பியது, நல்ல விதமாக இல்லை.

மகன் அவ்வப்போது பிட்சராகவும் போவான். ஆட்டத்துக்கு முந்தின இரவு இவர் சாப்பாட்டு மேசையில், "ஒண்ணு உள்ள போட்டுப் பாரு. கொஞ்சம் பயம் இருக்கட்டும்" என்றார். அவர் மனதில் இருந்தது கிரிக்கெட் பவுன்சர். அங்கே பந்து உடம்பில் பட்டாலும் ஆட்டம் நடந்துகொண்டே இருக்கும், பேட்டருக்குப் பரிசு எதுவும் கிடையாது. இங்கே பட்டால் பேட்டருக்கு முதல் பேஸ் இலவசம். ஆனால் நான் சொல்ல வந்தது அந்தக் கணக்கு இல்லை. நான்காம் இன்னிங்ஸில் எதிரணியின் கடைசி ஆள் வந்தான். லிட்டில் லீக்கில் வந்திருக்கும் ஒவ்வொரு பிள்ளையும் குறைந்தது ஒரு தடவை பேட் பிடிக்கவேண்டும், ஆறு அவுட்டுக்காவது களத்தில் நிற்கவேண்டும். நம் தெருவில் ஒப்புக்குச் சப்பாணி என்று ஒரு குட்டியைச் சேர்த்துக்கொள்வோமே, ஓடும் ஆனால் கணக்கில் வராது, அதையே இவர்கள் கணக்கில் வரும்படி விதியாக்கியிருக்கிறார்கள். வந்தவனுக்கு ஹெல்மெட் பெரிதாக இருந்தது, ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தான்.

மகன் உள்ளே போட்டான். அந்தப் பிள்ளைக்குத் திரும்பத் தெரியவில்லை. முழங்கையில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. பனிக்கட்டி வைத்தார்கள், அழுது முடித்து முதல் பேஸுக்குப் போனான், எல்லோரும் கைதட்டினார்கள். எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்ததால் மவுண்டை யாரும் பார்க்கவில்லை. என் மகன் கையுறையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றான். பிறகு போட்ட பந்தெல்லாம் வெளியே, இன்னும் வெளியே. மூன்று பேருக்குத் தொடர்ந்து வாக். மிரட்டப் போன கைதான் மிரண்டுபோனது. முந்தின ஆகஸ்டில், 2022இல், டெக்சாஸ் வேக்கோவில் நடந்த மண்டல ஆட்டத்தில் ஓக்லஹோமாப் பையன் ஒருவனுக்குத் தலையில் பந்து பட்டது. எழுந்து முதல் பேஸுக்குப் போனவன், மவுண்டில் டெக்சாஸ் பிட்சர் அழுதுகொண்டிருப்பதைப் பார்த்து, நடந்து போய் அவனைக் கட்டிக்கொண்டான். அந்த வீடியோவைக் கோச் பயிற்சி நாளில் பிள்ளைகளுக்குக் காட்டியிருந்தார். பார்த்து நானும் கண் துடைத்தேன். ஆனால் அடிபட்டவன் வந்து ஆறுதல் சொல்லவேண்டும் என்று எதிர்பார்க்க முடியுமா? அது பெரியவர்கள் வேலை. எங்கள் கோச் அம்பயரிடம் நேரம் கேட்டு மவுண்டுக்குப் போய், ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், "முடிந்ததும் அவனிடம் போய்க் கேட்கலாம், நானும் வருகிறேன்" என்று மட்டும் சொன்னாராம். இவர் அன்று இரவு மகனிடம் மன்னிப்புக் கேட்டார். எங்கள் வீட்டில் அப்பா மகனிடம் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "சரிப்பா" என்று சொல்லிவிட்டு அவன் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தான்.

நான் என்னைப் பற்றி நல்லவிதமாக நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. விதி தெரியும், புகார் எழுதத் தெரியும், குரல் உயர்த்தியதில்லை.

ஜூன் தொடக்கத்தில் அந்த வலையடிப் பையனின் அணியோடு மறுபடி ஆட்டம். அவன்தான் பிட்சர். ஐந்தாம் இன்னிங்ஸ் வரை எங்களை அசைய விடவில்லை. ஆனால் பந்து எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. என் மகன் இந்தத் தடவை கால் விலகாமல் நின்று, தப்பான பந்துகளை விட்டு, நல்ல பந்துகளை வெளியே தட்டி, ஒன்பது பந்து இழுத்தான். இரண்டு பேஸில் ஆள். அந்தப் பையன் களைத்துவிட்டான். ஒவ்வொரு பந்துக்கும் பிறகு அவன் பார்வை தன் கோச்சிடம் போய் வந்தது. தான் 85ஐ நெருங்குகிறோம் என்று அவனுக்குத் தெரியும், எவ்வளவு நெருக்கம் என்று தெரியாது. எனக்குத் தெரியும்.

"எய்ட்டி டூ!" என்றேன்.

எழுந்து நின்று, வலைக்கு அருகே போய், பள்ளிக்கூட மேடையில் ஒப்பிப்பதுபோல் தெளிவாக. யாரும் கேட்கவில்லை. மேனேஜரோ அம்பயரோ கேட்டால் எண்ணிக்கையைச் சொல்லவேண்டும், உச்ச வரம்பு தொட்டால் அம்பயரிடம் தெரிவிக்கவேண்டும், என் வேலை அவ்வளவே. 82இல் எனக்கு வாயைத் திறக்க ஒரு காரணமும் இல்லை. அடுத்த பந்துக்கும் "எய்ட்டி த்ரீ!" என்றேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, இது விதியில் உண்டா என்று யாரிடம் கேட்பது என்று தெரியாத பார்வை. அடுத்த இரண்டு பந்தும் தரையில் குத்தின. ஒரு ரன் வந்தது. வரம்பு தொட்டாலும் நிற்கும் பேட்டரை முடிக்கும்வரை போடலாம் என்று விதி. முடித்தான், வாக் கொடுத்து. பந்தைக் கோச் கையில் கொடுத்துவிட்டுத் தலை குனிந்து போனான். எங்கள் பக்கம் கைதட்டினார்கள். ஏப்ரல் மாதத்தில் திருப்பிப்போட்ட மூன்று எழுத்துகளுக்கும் பதில் கொடுத்துவிட்டதாக எனக்குள் ஒரு குளுகுளுப்பு. அதை மறைக்க மாட்டேன், நன்றாகவே இருந்தது.

நாங்கள் ஜெயித்தோம். இரு அணியும் வரிசையில் வந்து கை தட்டிக்கொண்டன. காரில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு: ஆட்டத்தைப் பற்றி அவன் பேசும்வரை நாங்கள் பேசமாட்டோம். அந்த மே மாதத்துக்குப் பிறகு வந்த பழக்கம். நெடுஞ்சாலை ஏறும்வரை ஒன்றும் பேசவில்லை.

"ம்மா, நீ ஏன் கத்துனே?"

"எண்ணிக்கை சொல்றது அம்மா வேலைடா."

"எங்க பிட்சர் போடறப்ப நீ சொல்லவே இல்லையே."

இவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். எங்கள் பிட்சர் அன்று 71 போட்டிருந்தான். ஒரு தடவைகூட நான் எழுந்து நிற்கவில்லை. விதியின் ஓட்டைக்குள் நின்று செய்தால் எதுவும் மரியாதையாகத் தெரியும் என்பதை, பன்னிரண்டு வயதுப் பையன்கள் மேல் புகார் எழுதிய கை எனக்குக் காட்டிக்கொடுத்தது. ஊளையாவது வெளிப்படை.

அந்த அணியின் ஸ்கோர் எழுதும் அம்மாவை மறுநாள் தேடிப்பிடித்து மன்னிப்புக் கேட்டேன். அவர் முதலில் புரியாமல் விழித்தார், பிறகு, "அவனுக்கு அது ஞாபகம் இருக்கு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பரவாயில்லை என்று சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. அடுத்த ஆட்டத்திலிருந்து ஒன்று செய்தோம். எந்த லீக்கிலும் செய்யலாம், காசு செலவில்லை: இரு அணி ஸ்கோர் எழுதுபவர்களும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காருவது. ஒவ்வொரு அரை இன்னிங்ஸ் முடிந்ததும் எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பார்ப்பது, வாயால் இல்லை, புத்தகத்தை நீட்டி. பக்கத்தில் எதிரணித் தாய் உட்கார்ந்திருக்கும்போது அவள் பிள்ளையைப் பற்றி ஒன்றும் வாயில் வராது. அந்த வலைக்குப் பின்னால் கிடைத்த சாதுவான இரண்டு மணி நேரங்கள் அவைதான். அவர் எனக்கு விதை தின்னக் கற்றுக்கொடுத்தார், ஓட்டைத் துப்புவது மட்டும் இன்னும் வரவில்லை.

சீசன் கடைசியில் பிளேஆஃப், மூன்றாம் தடவை அதே அணி, அதே பையன். ஆறாம் இன்னிங்ஸில் 85 வந்தது. நான் எழுந்து போய் அம்பயரிடம் சொன்னேன். அதே பள்ளி மாணவன். முகக்கவசத்துக்குள் அவனுக்குக் கேட்கவில்லை. இரண்டாம் தடவையும் கேட்கவில்லை. கடைசியில் புத்தகத்தைத் திறந்து எண்ணைக் காட்டினேன். தலையாட்டினான். அந்தப் பையன் இருந்த பேட்டரை ஸ்ட்ரைக் அவுட் செய்து முடித்துவிட்டுப் போனான். நாங்கள் இரண்டு ரன்னில் தோற்றோம்.

காரில் பாதி வழி வந்த பிறகு, ஷூவைக் கழற்றிக்கொண்டே மகன் கேட்டான்.

"ம்மா, அவன் எத்தனை போட்டான்?"

"எண்பத்தஞ்சைத் தாண்டிட்டான். கடைசி ஆளோட சேர்த்து எண்பத்தெட்டு."

"எனக்குக் கேக்கவே இல்லையே," என்றான். பிறகு ஜன்னலைப் பார்த்து, ஐஸ்கிரீம் கடை இன்னும் திறந்திருக்குமா என்று அப்பாவிடம் கேட்டான்.